எர்மெஸ் ஊறப்போட்ட டர்னிப்

பலகையைத் தூக்கியதுமே டோரினாவுக்குத் தெரிந்துவிட்டது. நிலவறை மூலையில் இருக்கும் அந்த மரத்தொட்டியிலிருந்து வர வேண்டிய வாசனை வேறு. புளித்த திராட்சையும் ஈர மண்ணும் கலந்து, மூக்கைச் சுருங்க வைக்கிற கூர்மையான வாடை அது. ஜனவரியில் இந்த ஊரில் எந்த வீட்டு நிலவறைக்குள் இறங்கினாலும் அதுதான் முதலில் எதிரே வரும். இப்போது எழுந்து வந்ததோ தேங்கிய குட்டையின் நாற்றம். மதுவுக்குப் பிழிந்த திராட்சைச் சக்கைக்குள் கையை விட்டு, அதில் ஊறிய ஒரு டர்னிப் கிழங்கை எடுத்தாள். விரல் பட்ட இடம் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவதும் அப்படியே. அடியிலிருந்து எடுத்தது கையிலேயே இரண்டாகப் பிளந்தது.

மேலே குளியலறையில் கணவன் எர்மெஸ் சவரம் செய்துகொண்டே சீட்டியடிப்பது தரைப்பலகை வழியாகக் கேட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்தக் குளிர்காலத்தின் முதல் புரோவாடா இன்றுதான். ஊறிய டர்னிப்பைத் துருவி, பன்றிக்கொழுப்பில் வதக்கி, மணிக்கணக்காக அடுப்பில் வைத்துத் தடித்த சாசேஜோடு தின்பது. இந்த முறை அதை எர்மெஸ் செய்கிறான் என்பது காபிக்கடை முழுவதற்கும் தெரியும். அவனே சொல்லி வைத்திருந்தான்.

முப்பது வருடத்துக்கு மேல் குளிர்பதன லாரி ஓட்டியவன். ஸ்பெயினின் தெற்குக் கரையில் மைல் கணக்கில் விரிந்த பிளாஸ்டிக் கூரைகளுக்கு அடியில் விளைந்ததையெல்லாம் பதுவாவின் மொத்தச் சந்தைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவன் வேலை. டிசம்பரில் கத்தரிக்காய், பிப்ரவரியில் ஸ்ட்ராபெரி. ஒவ்வொரு முறை வீடு திரும்பும்போதும் டோரினாவுக்கென்று ஒரு பெட்டி தனியாக வரும். வேறு கணவர்கள் பூங்கொத்து கொண்டுவருவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவருவான். போன கோடையில் இடுப்பு வலிக்காக வேலையை விட்டான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் வீட்டில் முழுசாக இருந்த முதல் இலையுதிர்காலம் அது. பார்லி அறுத்த நிலத்தில் டோரினா விதைத்திருந்த டர்னிப்பைப் பிடுங்கும் சமயத்தில் சமையலறை நடுவில் நின்று அறிவித்தான்.

"விதைச்சது நீ, சரி. ஊறப்போடறது இந்தத் தடவை நான். நீ கீழ வந்து எட்டிக்கூடப் பாக்கக் கூடாது."

அவள் எட்டிப் பார்க்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். இன்று காலை மட்டும், துருவுவதற்கு முன் கழுவி வைக்கலாமே என்று இறங்கியிருந்தாள்.

இதில் இன்னொன்றும் இருந்தது. சந்தையிலிருந்து எர்மெஸைக் கூப்பிட்டிருந்தார்கள். வியன்னா வரை சின்ன ஓட்டம், மூட்டை தூக்க வேண்டியதில்லை, நாளை திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லிவிட்டு, "இங்க நான் என்ன பண்றேன், டோரி? உன் காலுக்குக் குறுக்க நின்னுக்கிட்டு இருக்கேன்" என்று சிரித்தான். அவள் அடுப்பில் சோளக்களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். 'இங்கேயே இரு' என்று சொல்ல வாயெடுத்தாள். களி அடிப்பிடித்துவிடும் போலிருந்தது, கிண்டினாள். அதற்குள் அவன் பேச்சை மாற்றிவிட்டான். அந்த ஒரு வார்த்தை சொல்லப்படாமலே கிடந்தது. அதற்குப் பிறகு அவள் எல்லாவற்றையும் இந்தத் தொட்டியின்மேல் வைத்திருந்தாள். கிழங்கு நன்றாக ஊறியிருந்தால் அவன் தங்கிவிடுவான் என்று எப்படியோ மனதில் விழுந்துவிட்டது.

பலகையை மூடிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியேறினாள்.

பக்கத்து வீட்டு ஓனோரினா முயல்களுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தாள். டோரினாவைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் போன பிறகு குரல் இன்னும் பெரிதாகியிருந்தது.

"கொஞ்சம் கிழங்கு குடு, ஓனோரினா. கேள்வி கேக்காத."

"கேக்காம எப்படிடி குடுக்கறது? அழுகிப்போச்சா?"

டோரினா வாளியை நீட்டினாள்.

"அழுகாம என்ன செய்யும்? டோனியோட சாராயக் கொட்டகையிலேருந்துதான் சக்கையத் தள்ளுவண்டில தள்ளிட்டு வந்தான். நானே பாத்தேன். ஆவில வேக வச்சு சாராயம் இறக்கி முடிச்ச சக்கை. அதுல புளிக்கறதுக்கு என்ன மிச்சம் இருக்கு?"

"பாத்தேல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

ஓனோரினா முயல்கூண்டின் கதவைச் சாத்தினாள். "பாட்டுப் பாடிக்கிட்டே தள்ளிட்டுப் போனான்டி. வாய் வரல."

ஓனோரினா தன் நிலவறைக்குப் போய் வாளி நிறையக் கிழங்கு கொண்டுவந்தாள். சக்கையின் நிறம் ஏறி இளஞ்சிவப்பாக, கெட்டியாக, மேலே திராட்சைத் தோல் ஒட்டிக்கொண்டு இருந்தன. "துணி போட்டு மூடிக்க. வாடையே காட்டிக் குடுத்துடும். அப்புறம், இந்த வருஷம் ஸ்பெயின் ஸ்ட்ராபெரி வரலன்னு என் முயலெல்லாம் ஏங்குதுன்னு உன் ராஜாகிட்ட சொல்லு."

"அதை மட்டும் சொல்லிடாத, தாயே."

டோரினா திரும்பி வந்தபோது நிலவறையில் விளக்கு எரிந்தது. எர்மெஸ் கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே காய்ந்திருந்தது. பிளந்த கிழங்கின் பாதி அவன் உள்ளங்கையில் இருந்தது. தலை நிமிராமலே வாளியைப் பார்த்தான்.

"யாரோடது?"

"ஓனோரினாவோடது."

"என் தொட்டில போடப் போறியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது ஏனோ தோன்றவில்லை. "ஆமா."

"நான் வந்து எடுத்துச் சமைச்சிருப்பேன். எப்படி இருக்குன்னு கேட்டிருப்பேன். நீயும் பிரமாதம்னு தலையாட்டியிருப்ப."

"ஆட்டியிருப்பேன்."

"அப்ப இந்த வீட்டுல நான் யாரு, டோரி? லாரியவிட்டு இறங்கினா நாலு நாள் விருந்தாளியா இருந்தேன். இப்பவும் விருந்தாளிதானா?"

அவன் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளைக் கடைசிப் படியில் உட்கார வைத்தது. வாளியைப் பக்கத்தில் வைத்தாள். துணியையும் மீறி அந்தப் புளித்த வாசனை நல்லபடியாக எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றது.

"வெந்த சக்கை, எர்மெஸ். உயிர் இல்லாதது."

"வெந்தா சுத்தமா இருக்கும்னு நினைச்சேன்." கிழங்கை உருட்டிப் பார்த்தான். "இத்தனை வருஷம் ஓட்டினேனே, ஒரு தக்காளி வாடிப்போச்சுன்னு எவனாவது சொல்லியிருப்பானா? இதை இந்த மூலைல சும்மா வச்சே அழுக விட்டுட்டேன்."

"எதுக்கு நீயே செய்யணும்னு பிடிவாதமா நின்ன?"

அவன் கிழங்கைத் தொட்டி விளிம்பில் வைத்தான். "புரோவாடாவ பாட்டில்ல போட்டுக் குடுப்பியே ஒவ்வொரு தடவையும். அங்க சுமை ஏத்த ராத்திரி ஆயிடும். லாரிப் படில உக்காந்து, சூடு பண்ணாமலே தின்னுவேன். சுத்தி எங்க பாத்தாலும் பிளாஸ்டிக் கூரை, உள்ள ஸ்ட்ராபெரி. மத்த டிரைவருங்க மூக்கப் பொத்திக்கிட்டு எழுந்து போயிடுவானுங்க. பாட்டில் காலியாச்சுன்னா இனிமே வீடுதான்னு அர்த்தம். உனக்கு ஒரு தடவையாவது நான் செஞ்சு குடுக்கணும்னு இருந்தது. அவ்வளவுதான்."

பாட்டில்கள் எப்போதும் கழுவித் துடைத்துத் திரும்பி வரும். வழியில் எங்கோ கொட்டிவிடுகிறான் போலிருக்கிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கேட்டதில்லை.

"நீ கொண்டுவந்த ஸ்ட்ராபெரி," என்றாள். "ஓனோரினாவோட முயல் தின்னுது. எல்லா வருஷமும். எனக்குத் தண்ணி மாதிரி இருந்தது, எர்மெஸ். நீ ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வருவியா, சொல்ல முடியல."

அவன் நிமிர்ந்து அவளையே பார்த்தான். பிறகு தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறான் என்று எண்ணி அவள் எழுந்தாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

"அதான் அந்த முயலுங்க அப்படிக் கொழுத்திருக்கா?"

"ஒண்ணு விடாம."

சிரிப்பு அடங்கியது. அவள் கிண்டுவதற்கு இப்போது கையில் எதுவும் இல்லை.

"நாளைக்கு அவங்ககிட்ட என்ன வேணா சொல்லு. உன் இஷ்டம். ஆனா எனக்குக் குறுக்க யாரும் நிக்கல. அடுத்த வருஷமும் நீயே ஊறப்போடு. அழுகினா அழுகட்டும். நான் பக்கத்து வீட்டுக்குப் போகமாட்டேன்."

அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினான். வேலியருகே ஓனோரினாவின் குரல் கேட்டது. "என்னடா, வேணாமா? ரோஷமா?"

"ரோஷந்தான். நீ சக்கை எங்க வாங்கற?"

"உன்கிட்ட சொல்லமாட்டேன். அதையும் வேக வச்சுடுவ."

கொல்லை நிலத்தின் கோடியில், பெரிதாகாததால் பிடுங்காமல் விட்ட ஒரு வரிசை டர்னிப் இருந்தது. உறைபனியில் இலை கருகியிருந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் நன்றாகவே இருந்தது. பனி பட்டதில் இனிப்பும் கூடியிருக்கும். புளிப்பில்லாமல் வெறுமனே வேக வைத்து சாசேஜோடு தின்ன வேண்டியதுதான். டோரினா கூடையோடு நிற்க, எர்மெஸ் மண் கிளறும் முள்ளை இறக்கிக் காலால் அழுத்தினான். மேல்மண் கண்ணாடிபோல உடைந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் கிழங்கொன்று ஊதாக் கழுத்தோடு வெளியே வந்தது. கட்டைவிரலால் மண்ணைத் தேய்த்தான்.

"இதை எப்ப விதைக்கறது?"

"பார்லி அறுத்ததும். ஜூலைக் கடைசில."

அவன் தலையாட்டினானா, மூச்சு வாங்கினானா என்று தெரியவில்லை. அடுத்ததற்கு நகர்ந்தான். இருவர் சாப்பாட்டுக்கு வேண்டியது எப்போதோ சேர்ந்துவிட்டது. போதும் என்று டோரினா சொல்லவில்லை. கூடை நிரம்பியதும் ஏப்ரனை விரித்துப் பிடித்தாள். அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒவ்வொன்றாகப் போட்டபடி வந்தான். அவன் கடந்த வழியெல்லாம் பனி உடைந்து, கருமண் வெயிலில் லேசாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. முன்னால் வரப்பு வரை இன்னும் வெள்ளையாகக் கிடந்தது.