ஆக்கி வைத்த விடை

மருத்துவமனைக் குருதி வங்கியில் எந்த வகை எத்தனை பை உள்ளது என்பதைத் திரையில் காட்டுவது அவள் பொறுப்பு. கேட்கும்போதெல்லாம் தரவுத்தளம் வரவையும் செலவையும் முதலிலிருந்து கூட்டிக் கழித்துச் சொல்லலாம். மெய்யாக இருக்கும், ஆனால் ஆமை வேகம். முன்பே கணக்கிட்ட விடையைச் சேமித்து, அவ்வப்போது புதுப்பிக்கலாம். கேட்ட கணமே வரும், ஆனால் கடைசியாகப் புதுப்பித்த பொழுதின் உண்மையே அதில் இருக்கும்.

மருத்துவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்று அவள் பின்னதையே தேர்ந்தெடுத்தாள். குத்தலாகப் பேசுவதால் முள்ளு என்று பெயர் வாங்கிய சக ஊழியன், பை நகரும்போதெல்லாம் விடையும் கூடவே திருந்தட்டுமே என்றான். ஒவ்வொரு பைக்கும் அப்படிச் செய்தால் பை வழங்குமிடத்தில் வேலை தேங்கும் என்று மறுத்துவிட்டாள்.

"ஆறின சோத்துக்கு ஆவி பறக்குற மாதிரி படம் வரையிறீங்க. வரையுங்க தாயே," என்றான்.

அவன் வாயை அடைக்கவே, அன்று காலை எல்லா வழிகளின் வேகத்தையும் அளக்க உட்கார்ந்தாள். நடுவில் புதுப்பித்தல் ஓடினால் அளவு பிசகும் என்று அதை நிறுத்திவைத்தாள். அவள் வழியே வென்றது. வென்ற களிப்பில், நிறுத்தியதை மீண்டும் ஓடவிட மறந்தாள்.

பிற்பகலில் அண்ணியின் அழைப்பு வந்தது. சாலையில் அடிபட்ட அண்ணன் கீழ்த்தளத்து அறுவை அரங்கில் கிடந்தான். அவனுடையதோ அரிய வகைக் குருதி. திரையில் இருக்கிறது என்கிறார்கள், எதற்கும் வெளி வங்கிக்கு வண்டி அனுப்பச் சொல்லட்டுமா என்று அண்ணி அழுகையினூடே கேட்டாள்.

அவள் திரையைப் பார்த்தாள். நொடியில் விடை வந்தது.

"வேண்டாம் அண்ணி. இங்கயே இருக்கு. கண்ணால பார்த்துட்டுதான் சொல்றேன்."

அவள் கீழே இறங்கியபோது குருதி வங்கிக்காரர் வெறுங்கையோடு அரங்கின் வாசலில் நின்றார். அந்தப் பைகள் முற்பகலிலேயே ஒரு பிரசவத்துக்குப் போய்விட்டன என்றார். அவள் மேலே ஓடி, மெதுவான வழியில் கேட்டாள். திரையில் வட்டம் சுழன்றது. இறைவனின் பெயரை உதடுகள் உருப்போட, வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. பின்பு மெய் வந்தது: இல்லை.

அப்போதுதான் வண்டி புறப்பட்டது. அது திரும்பும் முன்பே அரங்கின் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

முள்ளு அவள் மேசைக்கு வந்து, நிறுத்தியிருந்ததை ஓடவிட்டான். அவன் குத்தியிருந்தால் தாங்கியிருப்பாள்.

கீழே அண்ணி சுவரோடு சாய்ந்து அமர்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணால பார்த்தேன்னு சொன்னியேம்மா."