கணினி எழுவதற்குள்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல, காதில் விழுந்தது. தில்லை நகரில் என் வீட்டுக்கு வந்து என் கணினியைப் பழுது பார்த்த கலைமதி சொன்னது. மன்னார்புரத்தில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறார்.

என் கணினி லேசில் எழாது. பொத்தானை அமுக்கிவிட்டுக் காபி போட்டுக் குடித்து வரலாம். கலைமதி ஒரு பட்டியலைத் திறந்து காட்டினார். கணினி எழும்போதே என்னைக் கேட்காமல் கூடவே எழுந்துகொள்ளும் புரோகிராம்கள். இத்தனை பேரையும் நான் எப்போது கூப்பிட்டேன் என்று கேட்டேன்.

"யாரும் கூப்பிடறதில்ல சார். உள்ள வரும்போதே டிக் அடிச்சுக்கிட்டுத்தான் வரும்" என்றார்.

அவர் வழி இதுதான்: எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கணினியை மறுபடி போடுவது, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து எது இழுக்கிறது என்று பிடிப்பது. ஒவ்வொரு தடவையும் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தபோதுதான் ஸ்ரீரங்கத்து அக்கா ஒருவரைப் பற்றிச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. சுபஸ்ரீ என்று நான் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'ராஜகோபுரத்தின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது சுபஸ்ரீ...'

(அடித்துவிட்டேன். ஸ்ரீரங்கம் என்றதும் கோபுரத்தை இழுத்து வரும் புத்தி எனக்கு என்றைக்குப் போகுமோ.)

இரண்டாவது: 'சுபஸ்ரீக்கு வேலை போய்விடும் போலிருந்தது.'

இது இருக்கட்டும். வீட்டிலிருந்தே மருத்துவமனை பில்களைச் சரிபார்க்கும் வேலை. காலையில் குறித்த நேரத்துக்குள் உள்ளே நுழையாவிட்டால் அரை நாள் விடுப்பு. கணினி எழத் தாமதமாகித் தாமதமாகி, இனி ஒரு தடவை நடந்தால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கணவன் சிவசங்கர் மஸ்கட்டில் இருக்கிறான்.*

*ஸ்ரீரங்கத்தில் சிவசங்கரா என்று கேட்க வேண்டாம். வாடகைக்கு வந்தவர்கள்.

3

கலைமதி போய்ப் பட்டியலைத் திறந்தார். வழக்கம்போல எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுபடி போட்டார். கணினி முழுதாக எழுவதற்குள் சுபஸ்ரீயின் போன் அடித்தது. மஸ்கட்.

சுபஸ்ரீ போனில் நிதானமாகப் பேசினாள். ரிப்பேருக்கு ஆள் வந்திருக்கிறது, பெண்தான் என்றாள். அப்புறம் போனைக் கலைமதியிடம் நீட்டினாள்.

"ஒரு வார்த்தை பேசிடுங்க. குரல் கேட்டாப் போதும்."

கலைமதி "வணக்கம் சார்" என்றார். உடனே அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்ததில் பிடிபட்டது. கணினி எழும்போது இரண்டு புரோகிராம்கள் ஒரே நேரத்தில் திரையைப் பிடிக்கப் பார்த்து முட்டிக்கொண்டு நின்றன. ஒன்று கம்பெனி போட்டது, ஊழியர் வேலை செய்கிறாரா என்று பார்க்க. இன்னொன்று திரையோடு கேமராவையும் சேர்த்து மஸ்கட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

4

இங்கே என் முதல் பிரதியில் சுபஸ்ரீ அதிர்ந்தாள். கண்ணீர் விட்டாள். 'தன் வீட்டிலேயே தான் ஒரு...' என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, நல்ல உவமை கிடைக்காமல் அரை நாள் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் பொய். அவளுக்கு முன்பே தெரியும்.

"அவர் கிளம்பறதுக்கு முன்னாடி போட்டுட்டுப் போனார். அதை மட்டும் விட்டுட்டு வேற எதை வேணா எடுங்க" என்றாளாம்.

அதுதான் இழுக்கிறது என்று கலைமதி மறுபடி எடுத்துச் சொன்னார்.

"புரியுதுங்க. அது இருக்கறதாலதான் நான் வேலைக்கே போறேன்."

வீட்டை விட்டு ஓரடி வைக்காத வேலையை அவள் 'போறேன்' என்றே சொன்னாள். எனக்கு அதைக் கேட்டதிலிருந்து எரிச்சல் தீரவில்லை. யார் மேல் என்று கேட்டால், வரிசையாக எல்லார் மேலும்தான். சிவசங்கர் மேல், கம்பெனி மேல், அவ்வளவு சாதாரணமாகச் சொன்ன சுபஸ்ரீ மேலும். கதாபாத்திரத்தின் மேல் எழுத்தாளன் கோபப்படக் கூடாது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

5

கலைமதி ஒரு வழி செய்தார். மஸ்கட்டுப் புரோகிராமை எடுக்கவில்லை. கணினி எழுந்து கொஞ்ச நேரம் கழித்து அது எழும்படி தள்ளி வைத்தார். மறுநாள் சுபஸ்ரீ நேரத்துக்கு உள்ளே நுழைந்தாள்.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். சாமர்த்தியமான முடிவு, பத்திரிகைக்காரர்களுக்கும் பிடிக்கும். ஆனால் அன்று மாலையே சுபஸ்ரீ கலைமதியைக் கூப்பிட்டாள்.

"காலைல அந்தக் கொஞ்ச நேரம் என்ன பண்ணினேன்னு கேக்கறார். என்ன சொன்னாலும் நம்பலை. பழையபடி வச்சுடுங்க."

கலைமதி போய்ப் பழையபடி வைத்துவிட்டு வந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

6

மாற்று முடிவுகள்:

அ. சுபஸ்ரீ அந்தப் புரோகிராமை அழித்துவிட்டு நிமிர்ந்து உட்காருகிறாள். (அடுத்த வாரம் அவன் வந்து கணினியையே தூக்கிக்கொண்டு போவான். அந்த வாரத்தை யார் எழுதுவது?)

ஆ. சிவசங்கர் திருந்துகிறான். (இதை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதினாலும் நீங்கள் நம்பமாட்டீர்கள்.)

இ. கலைமதி போலீசுக்குப் போகிறார். (எந்தப் புகாரோடு? இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளே...)

7

நடந்தது வேறு. சில வாரம் கழித்து, வேலை போய்விட்டதா என்று விசாரிக்கக் கலைமதி அங்கே போனார். வேலை போகவில்லை. சுபஸ்ரீ இப்போது ஒரு நாள்கூடத் தாமதமில்லை. எப்படி என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

"நான் இப்போ ஆஃப் பண்றதே இல்லைங்க. ஆஃப் பண்ணினாத்தானே ஆன் ஆகணும்."

கணினி இருப்பது படுக்கையறையில். அந்த வீட்டில் கதவு சாத்திக்கொண்டு வேலை பார்க்க இருப்பது அந்த ஓர் அறைதான். முன்பு வேலை முடிந்ததும் அணைத்துவிடுவாள். பிறகு காலை வரை அவளை யாரும் பார்க்க முடியாது. இப்போது அவள் உடை மாற்றக் குளியலறைக்குப் போகிறாள், கட்டிலில் கேமராவுக்கு முதுகைக் காட்டிப் படுக்கிறாள். சிவசங்கருக்குச் சந்தோஷமாம். இப்போதெல்லாம் சண்டையே இல்லையாம்.

மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்துவார்களே, அன்றைக்காவது அணையுமே என்று கலைமதியிடம் சொன்னேன். கதையை அங்கே கொண்டுபோய் முடிக்கலாம் என்று ஒரு நப்பாசை.

"கம்பெனி இன்வெர்ட்டர் குடுத்திருக்கு சார்" என்றார்.

8

நான் முடிக்கப்போவதில்லை. உங்களிடம் நல்ல முடிவு இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். அவளை விடுதலை செய்யுங்கள், வேறு ஊருக்கு அனுப்புங்கள், வக்கீலைப் பிடித்துக் கொடுங்கள். ஒன்றே ஒன்று: திங்கட்கிழமை காலை அவள் வேலைக்கு உட்காருவதும் அதில் இருக்க வேண்டும். அது இல்லாத முடிவுகள் என்னிடமே நிறைய இருக்கின்றன.