மூன்றாவது காயில்

கிள்ளானில் தன் வீட்டு வாசலில் நின்ற காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, உஷாராணி பானெட்டைத் திறந்தாள். நின்ற இடத்திலேயே கார் கிடுகிடுவென ஆடியது. நடுநடுவே மூச்சுத் திணறுவதுபோல ‘புஸ்… டப்’ என்று ஒரு சத்தம்.

இரண்டு வாரமாக இதே கதைதான். என்ஜினையே மாற்ற வேண்டும் என்று வொர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். கணவன் குகன் நொந்துபோய், பழைய கார் வாங்கும் கமலநாதனை வரச் சொல்லியிருந்தான். உஷாராணிக்குத்தான் மனம் ஒப்பவில்லை. சுபாங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடமாக இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவள் அவள். கோளாறு எங்கே என்று தெரியாமல் எதையும் தூக்கிப்போட்டுப் பழக்கமில்லை.

என்ஜின் மேல் நான்கு காயில்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி கிளப்ப ஒன்று. முதல் காயிலின் ஒயரைக் கழற்றினாள். என்ஜின் இன்னும் மோசமாக உதறியது. அப்படியென்றால் அது வேலை செய்கிறது. மாட்டிவிட்டு இரண்டாவதைக் கழற்றினாள். அதே உதறல். மூன்றாவதைக் கழற்றினாள்.

ஒன்றுமே ஆகவில்லை.

“ஏங்க! சீக்கிரம் வாங்க!”

குகன் ஓடிவரவும், கமலநாதன் கேட்டைத் திறந்துகொண்டு வரவும் சரியாக இருந்தது.

“மூணாவது சும்மா கெடக்குது! கழட்டினாலும் ஒண்ணுதான், மாட்டினாலும் ஒண்ணுதான்!”

“காயிலுக்கு அடியில இருக்குற பிளக்காவும் இருக்கலாம்லா அக்கா,” என்றார் கமலநாதன்.

“இருங்கண்ணே, பாத்துருவோம்.”

என்ஜினை அணைத்து, இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் பொருத்தினாள். விரல்கள் பரபரத்தன. மறுபடி ஸ்டார்ட் செய்து மூன்றாவதன் ஒயரைக் கழற்றினாள். இப்போது என்ஜின் உதறியது! இரண்டாவதைக் கழற்றினாள். சலனமே இல்லை. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறியிருந்தது.

“காயில்தாங்க! என்ஜின் நல்லாத்தான் இருக்கு!” உஷாராணி துள்ளினாள்.

கமலநாதன் தலையைச் சொறிந்தார். “என் காரும் இதே மாடல்தான். இருங்க வரேன்.” தன் காரிலிருந்து ஒரு காயிலைக் கழற்றி வந்து நீட்டினார். “கார் வாங்க வந்த ஆளு நானு. என்கிட்டயே வேலை வாங்குறீங்க, பாருங்க.”

என்ஜினை அணைத்து, கெட்டுப்போன காயிலுக்குப் பதில் அதை மாட்டிச் சாவியைத் திருப்பினாள். ஆட்டமில்லை, சத்தமில்லை. குகன் நம்பாமல் பானெட்டில் கை வைத்துப் பார்த்தான்.

“ஓடுதா, நின்னுபோச்சா?”

மூவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

“என் காயிலோடயே கடைக்குப் போயிட்டு வாங்கக்கா,” என்றார் கமலநாதன். “புதுசு வாங்கிட்டு வந்து என்னோடதைக் குடுத்துருங்க. அதுவரைக்கும் குகன் எனக்கு ஒரு தேத்தண்ணி போடட்டும்.”

கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. உஷாராணி நெடுஞ்சாலைவரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தாள்.