நாற்பதாம் கோடு

புல்வெட்டும் மிஷின் முதல் இழுப்பிலேயே கிளம்பிவிடும். புல்லில் இறக்கினால்தான் திணறும். நாலடி போவதற்குள் சத்தம் அடங்கி, நீலப் புகையைக் கக்கிவிட்டு நின்றுவிடும். எஸ்டேட் பங்களாவில் தோட்டவேலை பார்த்த மாதம்மாள் பத்து நாளாக அதனோடு மல்லுக்கட்டினாள். ஏர் ஃபில்டரைக் கழுவிப் போட்டாள். பிளக் கறுத்து, ஆயிலில் நனைந்திருந்தது. புதியது போட்டாள், மறுநாளே அதுவும் கறுத்தது.

கடைசியில் ஒண்டிக்கடை பஜாரிலிருந்து மெக்கானிக் பென்னியை வரச்சொன்னாள். அவன் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து ஓட்டிப் பார்த்தான். மாற்றமில்லை. பிறகு சைலன்சரைக் கழற்றினான்.

"அக்கா, இங்க பாருங்க."

புகை வெளியேறும் துவாரத்தில் கரி அப்பிக்கிடந்தது. பென்சில்கூட நுழையாது.

"பழைய புகை வெளிய போனாத்தானுங்க இன்ஜின் இழுக்கும். பெட்ரோல்ல ஆயில் யாருங்க கலக்கறது?"

"எங்க ஊட்டுக்காரருதான். ஜீப் எடுக்கறதுக்கு முன்னால தெனமும் கலக்கி வெச்சிருவாரு."

"லிட்டருக்கு நாப்பது மில்லி போதுமுங்க. இதுல ரெண்டு பங்கு ஊத்தியிருக்காரு, அதான் இத்தன கரி."

பென்னி மரக்குச்சியால் கரியைச் சுரண்டி எடுத்தான். மிஷின் பழையபடி புல்லை வாரிச் சாப்பிட்டது. மாதம்மாளுக்குத்தான் நிம்மதியில்லை. அவள் கணவன் அங்கப்பன் இருபத்தாறு வருடமாக எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர். எதையும் அளவு தப்பிச் செய்கிற ஆளில்லை.

மறுநாள் காலை அவர் ஆயில் அளப்பதை ஷெட் வாசலில் நின்று பார்த்தாள். அளவுக் குவளையை முகத்தருகே தூக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். ஆயில் நாற்பதாம் கோட்டைத் தாண்டி எண்பதைத் தொட்டது.

"சரியா இருக்குதுங்களா?"

"கோட்டுக்கு நிக்குது புள்ள."

மஞ்சக்குட்டை ஊரிலிருந்து காப்பி பறிக்கும் பதினாலு பொம்பளைகளை எஸ்டேட் ஜீப்பில் இவர்தான் தினமும் ஏற்றிவருகிறார். வாரம் ஒருமுறை கொண்டை ஊசி வளைவுகளில் அடிவாரம் வரை இறங்குகிறார்.

"ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா?"

அவர் குவளையைக் கீழே வைத்தார். "வலது கண்ணுல ஆறு மாசமா மூட்டம் போட்டாப்புல இருக்குது. இப்ப இன்னொண்ணும் மங்குது. ரோடு எனக்கு மனப்பாடம் புள்ள."

"ரோடு மனப்பாடமுங்க. எதுத்தாப்புல வர்றவன் மனப்பாடமுங்களா?"

"ஸ்டீயரிங்க விட்டா எஸ்டேட்டுல குடுத்த இந்த ஊட்டையும் காலி பண்ணோணும். தெரியுமில்ல?"

தெரியும். ஆனாலும் ஆணியில் தொங்கிய ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு நேராக எஸ்டேட் ஆபீசுக்குப் போனாள். அங்கே கணக்குப் பார்க்கும் ரைட்டரிடம் சாவியை வைத்து விஷயத்தைச் சொன்னாள். அன்றே வேறு டிரைவர் வந்தான்.

ஒன்பது நாள் அங்கப்பன் அவளிடம் பேசவில்லை. பத்தாம் நாள், பேசாமலேயே அவளோடு சேலத்துக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சர்க்கரை நோயால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர். வலது கண் இனித் திரும்பாது. லேசர் வைத்தால் இடது கண்ணைக் காப்பாற்றலாம். வீட்டைக் காலி செய்வதைப் பற்றி, காப்பி பறிப்பு முடிந்ததும் பார்க்கலாம் என்று மட்டும் ரைட்டர் சொல்லியிருந்தார்.

திரும்பும் பஸ் மலை ஏறும்போது அவர் வாய் திறந்தார்.

"ரைட்டருகிட்ட என்னையவே போகச் சொல்லியிருக்கலாம் நீ."

"போயிருப்பீங்களா?"

பஸ் அடுத்த வளைவில் ஹாரன் அடித்துத் திரும்பியது.