ஆறாவது அமாவாசை

தறிச் சத்தம் கேட்டு விழித்தேன். சிறிது நேரம் அதில் எதுவும் தவறாகத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் எல்லா நாளும் அந்தச் சத்தத்தில்தான் விடியும். பிறகுதான் உறைத்தது. இன்று வியாழக்கிழமை, அமாவாசை. அமாவாசையன்று ஆரணியில் எவரும் தறியில் கை வைப்பதில்லை.

அடுப்படியிலிருந்து என் மனைவி ஆரோக்கியசெல்வி எட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்குத் தறிக்கு லீவுன்னு சொன்னீங்க. தெரு பூரா தறி ஓடிகினு இருக்குது."

சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தேன். கருப்பு வட்டம் வியாழக்கிழமைத் தாளில்தான் இருந்தது.

"காலண்டர்ல போட்டிருக்கு" என்றேன்.

"காலண்டர்ல இருக்கட்டும். யாரையாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஐந்து வருடமாக இந்தத் தெருவில் குடியிருக்கிறேன். என்றைக்குத் தறி நிறுத்துகிறீர்கள் என்று ஒருவரிடம் கேட்பது பெரிய வேலை இல்லை. ஒரு வாக்கியத்தைப் பேசுவதைவிட ஒரு தாளைப் பார்ப்பது எனக்குச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

அது எழுபத்தெட்டாம் வருடம். நான் தாலுகா ஆபீசில் எழுத்தர். ஆரணி திரைப்பட வட்டம் என்று ஒன்றை நடத்திக்கொண்டிருந்தோம். அதன் செயலாளரும் ஆப்பரேட்டரும் நான். டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். சென்னையிலிருந்து ஒரு சங்கம் பழைய வெளிநாட்டுப் படங்களைத் தகரப் பெட்டியில் வைத்து ஊர் ஊராகச் சுற்றுக்கு விடும். ஒரு ஊரில் ஒரு நாள்தான் பெட்டி தங்கும். நெசவுக்காரர்கள் வர வேண்டும் என்றால் தறி நிற்கும் நாளில் படம் போட வேண்டும். அதனால் ஆறு அமாவாசைக்கு ஆறு படம் என்று ஒரு வரிசை ஏற்பாடு செய்திருந்தேன். இன்று ஆறாவது.

படம் போடும் கூடம் மாதா கோயிலுடையது. புரொஜெக்டரும் அவர்களுடையதுதான். முன்பு இருந்த வெளிநாட்டுச் சாமியார் விட்டுப்போனது. முதல் மாதம் எண்பது பேர் வந்தார்கள். ஐந்தாம் மாதம் மழை பிடித்துக்கொள்ள, பதினொரு பேர். அதற்கு மறுநாள் பங்குச் சாமியார் மைக்கேல்ராஜ் என்னைக் கூப்பிட்டு, தையல் வகுப்புக்குக் கூடத்தைக் கேட்கிறார்கள் என்றார். "அடுத்த தடவை கூடம் நிறைஞ்சா நானே பேசிக்கறேன். காலியா கெடந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது, பிலவேந்திரன்."

கூடம் போனால் வட்டம் போயிற்று. எனக்கு அது ஒரு பொழுதுபோக்கு போனதாக இருக்காது. ஆட்களோடு பேசத் தெரியாத ஒருவன் ஆட்களோடு உட்கார்ந்திருக்க அதைத் தவிர வேறு வழி எனக்கு அமையவில்லை. இருட்டில் ஐம்பது பேருக்கு நடுவில் ஒரு வார்த்தையும் பேசாமல் இரண்டு மணி நேரம் இருக்கலாம். யாரும் அதைத் திமிர் என்று நினைக்க மாட்டார்கள்.

சட்டையைப் போட்டுக்கொண்டு சம்பந்தத்தின் வீட்டுக்குப் போனேன். எதிர் வரிசையில் நான்காவது வீடு. தறிக் குழியில் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மயில் கழுத்து நிறத்தில் புடவை பாதி ஏறியிருந்தது. வட்டத்தின் முதல் படத்திலிருந்து ஒன்றுவிடாமல் வந்தவர் அவர்.

"இன்னா சார் ஆபீஸ் போலியா?"

"இன்னிக்கு அமாவாசை இல்லீங்களா?"

மிதியிலிருந்து காலை எடுத்தார். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பது அவர் முகத்தில் மெல்லத் தெரிய வந்தது.

"அடடா. இன்னிக்குப் பகல்ல பொறந்து நாளைக்குப் பகல்ல முடியுது சார். கல்யாணச் சரக்கு சாயங்காலம் லாரி ஏறணும். அதனால நாளைக்கு நிறுத்திக்கலாம்னு திங்கக்கிழமையே எங்க கோயில்ல கூடிப் பேசிட்டோம்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்ககிட்ட சொல்லணும்னு யாருக்கும் தோணல."

"நானும் கேக்கல."

அவர் மனைவி அபிதகுசாம்பாள் ராட்டையை விட்டு எழுந்து வராமலே, "நல்லா இருக்குது. சொல்லாதவங்களும் கேக்காதவங்களும் சேர்ந்து சினிமா காட்டுங்க" என்றாள்.

பெட்டி நேற்றே வந்துவிட்டதையும், நாளைக் காலை ஒன்பது மணி பஸ்ஸில் அது வேலூருக்குப் போயாக வேண்டும் என்பதையும் சொன்னேன். நாளை சாயங்காலம் அங்கே படம். இன்று சாயங்காலம் போட்டால் வருவார்களா என்று கேட்டேன்.

"லாரி போறதுக்கே எட்டாயிடும் சார். அப்புறம் எவன் வருவான், கட்டய சாய்க்கத்தான் தோணும்."

அவர் ஊடு இழை ஓட்டும் நாடாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். மற்றவர்கள் என் மௌனத்தில் சங்கடப்பட்டு எதையாவது சொல்லி நிரப்புவார்கள். சம்பந்தம் அப்படிச் செய்ததில்லை. நாலைந்து இழை ஓட்டினார், பிறகு கேட்டார்.

"பஸ்ஸு ஒம்போது. படம் எத்தினி மணி நேரம்?"

"ஒண்ணே முக்கால்."

"அப்ப காலைல ஆறு மணிக்குப் போடுங்க."

"வெளிச்சம் வந்துடுமே."

"கூடத்துல ஆறு ஜன்னல். தறிமேல தூசு விழாம மூடற துணி வீட்டுக்கு வீடு கெடக்குது. அத எங்கிட்ட விடுங்க. நீங்க ஜல்தியா போயி சாமியாரப் பாருங்க."

சாமியார் கோயில் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை துடைத்தார்.

"ஆறு மணிக்கு எனக்குப் பூசை. நடுவுல ஒரு சுவருதான்."

"இது மௌனப் படம் சாமி. சத்தமே கிடையாது."

"படத்துக்குச் சத்தம் கிடையாது. உங்களுக்கு?"

நான் அதை மறந்துவிட்டிருந்தேன். மௌனப் படங்களில் நடுநடுவே எழுத்து வரும். நம் ஆட்களுக்காக அதைத் தமிழில் எழுதிவைத்து, இருட்டில் உரக்கப் படிப்பது என் வழக்கம். யாரும் முகத்தைப் பார்க்காதபோது, எழுதிவைத்ததைப் படிக்க எனக்கு வரும். இந்தப் படத்துக்கும் நாற்பத்திரண்டு வாக்கியங்கள் எழுதி வைத்திருந்தேன்.

"பூசை நேரத்துல உங்க குரல் இந்தப் பக்கம் வரக்கூடாது" என்றார். "படத்தைப் போட்டுக்கங்க. ஆனா முன்னாடி சொன்னதுதான். திங்கக்கிழமை தையல் மெஷின் வந்து எறங்குது. கூடம் நிறைஞ்சிருந்தா சொல்லுங்க, அதுக்கு வேற எடம் பார்க்கலாம்."

அன்று முழுவதும் ஆபீசில் பட்டாக்களுக்கு நடுவே அந்த நாற்பத்திரண்டு வாக்கியங்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். வசனம் இல்லாத படத்தில் எழுத்தும் புரியாவிட்டால் யார் உட்கார்ந்திருப்பார்கள்? அதுவும் விடியற்காலையில், விடுமுறை நாளில். இரவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஆரோக்கியசெல்வி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஐந்து மணிக்குக் கூடத்தைத் திறந்தேன். ஐந்தரைக்கு சம்பந்தமும் இன்னும் மூன்று பேரும் துணி மூட்டைகளோடு வந்து ஜன்னல்களை மூடினார்கள். கிழக்கு ஜன்னலுக்கு மூன்று மடிப்பு வேண்டியிருந்தது. ஐந்தே முக்காலுக்கும் அந்த நாலு பேர்தான். நான் ரீலை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். பூசைக்கு முதல் மணி அடித்தது.

"தலைக்கு ஊத்திகினு வருவாங்க சார். இருங்க" என்றார் சம்பந்தம்.

முதலில் வந்தது அபிதகுசாம்பாள். ஈரத் தலையில் துண்டு. அவளுக்குப் பின்னால் அடுத்த வீட்டுக் கிருஷ்ணம்மாள், அவள் மருமகள், அக்கம்பக்கத்துப் பெண்கள், பிள்ளைகள், பிறகு ஆண்கள். இந்த ஐந்து மாதத்தில் பெண்கள் ஒருவர்கூட வந்ததில்லை. நான் சாயங்காலம் ஆறரைக்குப் படம் போட்டுவந்தேன். அந்த நேரத்தில் அவர்களெல்லாம் அடுப்படியில் இருப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பாய் போதவில்லை. பின்னால் நின்றவர்கள் சுவரை ஒட்டிக் குந்தினார்கள். காத்தவராயன் என்கிற சாயப்பட்டறைக்காரர் என் பக்கத்தில் வந்து, "கதைய முன்னாடியே சொல்லிடுவீங்களா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டா அப்புறம் எதுக்கு பாக்கறது, உக்காரு" என்று சம்பந்தம் அவரை இழுத்தார்.

இரண்டாம் மணி அடித்தது. விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டேன்.

குளிர் நாடு ஒன்றில் ஒரு பெரிய ஆறு. படகோட்டி இறந்துபோக அவன் மனைவி துடுப்பை எடுக்கிறாள். வெள்ளைத் திரையில் முதல் எழுத்து வந்தது. என் கை தானாக, வாக்கியங்களை எழுதிய காகிதம் இருந்த சட்டைப் பைக்குப் போனது. சுவருக்கு அப்பால் சாமியார் பூசையைத் தொடங்கினார்.

"இன்னா அது, உப்பளமா?" என்று ஒரு பெண் கிசுகிசுத்தாள்.

"பனி. வாய மூடு."

கரையில் ஒருவன் வந்து நின்று தொப்பியைக் கழற்றி ஏதோ கேட்டான். எழுத்து வந்தது. படகு போகுமா என்று கேட்கிறான், அவ்வளவுதான்.

"பொண்ணு கேக்க வந்துட்டான்" என்றாள் அபிதகுசாம்பாள் அடங்கிய குரலில்.

"புருஷன் போயி பத்து நாளு ஆவல."

"அவளும் அதத்தான் சொல்றா, மூஞ்சியப் பாரு."

அந்தப் பெண் படத்தில் சொல்வது வேறு. ஆற்றில் பனிக்கட்டி மிதக்கிறது, நாளை வா என்கிறாள். ஆனால் இருபது நிமிடத்தில் அந்த ஆள் உண்மையிலேயே அவளைக் கேட்கத்தான் போகிறான். அவர்கள் என் காகிதத்துக்கு இருபது நிமிடம் முன்னால் இருந்தார்கள். நான் பையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

முதல் ரீல் முடிந்ததும் விளக்கைப் போட வேண்டியிருந்தது. ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்ற நாலு நிமிடம். அந்த நாலு நிமிடமும் பக்கத்திலிருந்து பூசைப் பாட்டு கேட்டது. யாரும் அசையவில்லை. ஒரு குழந்தை சிணுங்கியது, அதன் தாய் மார்போடு அணைத்துக்கொண்டாள். எண்ணிப் பார்க்கலாமா என்று நிமிர்ந்தேன். எண்ண முடியவில்லை, அவ்வளவு தலைகள்.

இரண்டாம் ரீல் பாதியில் பக்கவாட்டுக் கதவு திறந்தது. பகல் வெளிச்சம் பட்டையாகத் திரையில் விழுந்து, படகில் இருந்தவளை அழித்தது.

"எவன்டா அது, கதவ சாத்து" என்று காத்தவராயன் குரல் கொடுத்தார்.

"பேஜார் புடிச்சவன், படம் ஓடும்போதா வருவான்" என்றாள் கிருஷ்ணம்மாள்.

கதவு சாத்தப்பட்டது. வெள்ளை அங்கி ஒன்று இருட்டில் தடுமாறிக் காத்தவராயனின் முழங்காலை மிதித்து, கிடைத்த இடத்தில் தரையில் உட்கார்ந்தது. கடைசி ரீல் மாற்ற விளக்கைப் போட்டபோது காத்தவராயன் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். சாமியார் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அந்தக் கெழவி யாரு, அவ மாமியாளா?" என்று கேட்டார்.

"ஆமாங்க சாமி. அவதான் படகை ஒளிச்சு வெச்சது."

"ஓ" என்றார் சாமியார்.

படம் ஏழு ஐம்பதுக்கு முடிந்தது. அந்தப் பெண் ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்ச் சேர்கிறாள், வந்தவனை விட்டுவிட்டு. பிறகு யாரோ கிழக்கு ஜன்னல் துணியை இழுத்தார்கள். எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

சாமியார் அங்கியைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"தையல் மெஷினப் பள்ளிக்கூடத்து மாடியில போடச் சொல்றேன்" என்றார். "அங்க வெளிச்சமும் நல்லா வரும். நீங்க காலையிலேயே படம் போடுங்க. என் பூசை முடிஞ்சப்புறம் ஆரம்பிச்சா நானும் முதல்லேருந்து பார்ப்பேன்."

நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர் அதற்குக் காத்திருக்கவில்லை.

சம்பந்தம் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டினார். நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒன்பது மணி பஸ்ஸின் மேல் பெட்டி ஏறியது. நடத்துனர் விசில் கொடுத்தார். பஸ் திருப்பத்தில் மறைந்ததும் எனக்கு இரண்டு நாள் பசி ஒரேயடியாக வந்தது. பஸ் நிலையத்து ஓட்டலில் நாலு இட்லி சொன்னேன்.

"நீங்களும் சாப்பிடுங்க."

"படையல் ஆவற வரைக்கும் நான் துன்ன மாட்டேன் சார். நீங்க துன்னுங்க." எதிரில் உட்கார்ந்து என் தட்டைப் பார்த்தார். "ஆனா அவ போனது தப்பு. அந்த ஆளு நல்லவன்தான்."

"நல்லவன்தான். அதுக்காக?"

"அதுக்காகன்னா? தனியா அக்கரைல போயி இன்னா பண்ணுவா?"

"படகு ஓட்டத் தெரியும் அவளுக்கு" என்றேன். வாயில் இட்லி இருந்தது. சட்னியை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிவிட்டு, அவள் ஏன் போனாள் என்று நான் நினைக்கிறேன் என்பதை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.