படத்துல கீறவ

மீன் கூடையை இறக்கி வைக்க நிழல் தேடித்தான் பிலோமி அந்தக் கடை வாசலில் ஒதுங்கினாள். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் சண்முகவேல் புதிதாகப் போட்ட கடை. மூடிப்போன ஒரு பத்திரிகை ஆபீசின் பழைய போட்டோக்களை எடைக்கு வாங்கிவந்து, சட்டம் போட்டு, கப்பலில் வரும் வெள்ளைக்காரர்களுக்கும் பட்டணத்துப் பெரிய மனிதர்களுக்கும் விற்றுக்கொண்டிருந்தான். அந்த எழுபத்து நாலில் பழசுக்கு அப்படி ஒரு கிராக்கி.

கண்ணாடிக்குப் பின்னால், முன்வரிசையில் ஒரு படம். எரிந்த குடிசைகளுக்கு நடுவே வாயைத் திறந்து அலறுகிறாள் ஒருத்தி. மாராப்பு விலகிக் கிடக்கிறது. மடியில் ஒரு பெண் குழந்தை.

பிலோமி கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தாள். அலறுகிறவள் அவள்தான். மடியில் கிடப்பது அவள் மகள் எல்சி. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் குப்பம் எரிந்த அன்று செத்துப்போனபோது எல்சிக்கு மூன்று வயது. உயிரோடு இருந்தபோது எல்சியை யாரும் படம் எடுத்ததில்லை. பிள்ளை முகம் மறந்துகொண்டே வருகிறதே என்று கோயிலில் மண்டியிடும்போதெல்லாம் பிலோமி பயந்திருக்கிறாள். அந்த முகம் இங்கே விற்பனைக்கு இருந்தது.

உள்ளே போனாள். "நைனா, அந்தப் படத்தக் குடு. அது என் பொண்ணு."

சண்முகவேல் படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீயேதான். உக்காரு, உக்காரு. படத்துக்குப் பின்னாடி ஒரு கைநாட்டு வச்சுக் குடு. படத்துல கீறவளே வச்சதுன்னா வெல எகிறிடும். ஒனக்கும் ஒரு பங்கு தரேன்."

பிலோமி உட்காரவில்லை. "செத்த கொயந்தைல எனக்குப் பங்கு குடுக்கறியா?" குரல் உயரவில்லை. "அன்னிக்கு ஒருத்தன் வந்தான். மாராப்ப மூடிக்கக்கூட வுடாம படம் புடிச்சுகினு போனான். தண்ணி கேட்டேன், திரும்பிப் பாக்கல. இன்னிக்கு நீ."

"நான் காசு குடுத்து வாங்கிக்கீறேன். வேணும்னா நீயும் வாங்கிக்கோ. இல்லாங்காட்டி கூடைய எடு, மீன் நாத்தம் படத்துல ஏறிடும்."

மறுநாள் காலையில் பிலோமி தனியாக வரவில்லை. குப்பத்துப் பெண்கள் கடைக்குள் நிறைந்தார்கள். எண்ணூர் பக்கம் தடியடி நடந்த படத்தில் தலை உடைந்து கிடந்த தம்பியை வரலட்சுமி எடுத்துக்கொண்டாள். தீயிலிருந்து தூக்கிவரப்பட்ட புருஷனைக் கன்னியம்மா மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"போலீசக் கூப்புடுவேன்," என்றான் சண்முகவேல்.

"கூப்புடு," என்றாள் கன்னியம்மா. "அவங்க அடிச்ச படமும் இங்க கீது. அவங்களும் வந்து எடுத்துகினு போவட்டும்."

முன்வரிசையில் ஓர் இடம் அவர்கள் வருவதற்கு முன்பே காலியாக இருந்தது.

"என் படம் எங்க?" என்றாள் பிலோமி.

"நேத்து சாயங்காலமே கப்பல்காரர் ஒருத்தர் வாங்கிட்டாரு. கப்பலும் கெளம்பிடுச்சு."

"வேற ஒண்ணு போட்டுக் குடு."

"படம் போடற பிளேட்ட எல்லாம் அந்த ஆபீசுலயே எப்பவோ கழுவி வெள்ளி எடுத்துட்டாங்க. அது ஒண்ணுதான் இருந்துச்சு."

அவள் அவனை அடிப்பாள் என்று பெண்கள் எதிர்பார்த்தார்கள். அடிக்கவில்லை. கூடையைக் கடைவாசலில் நட்டநடுவில் வைத்து உட்கார்ந்தாள். அன்று முதல் அவள் வியாபாரம் அங்கேதான். படம் வாங்க வருகிறவர்களை மறித்து நிறுத்துவாள். "இன்னா சாமி, எந்தச் சாவு வேணும்? அவங்க வூடு பக்கத்துலதான் கீது. கூட்டிகினு போறேன், வா." வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். சண்முகவேல் ஆள் வைத்து விரட்டினான். சிதறிய மீனைப் பொறுக்கிக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

மழைக்காலம் பிறப்பதற்குள் அவன் கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டான்.

"ஜெயிச்சுட்டே, பிலோமி," என்றாள் வரலட்சுமி.

"இன்னாத்த ஜெயிச்சேன்? எவன் வூட்டுச் செவுத்துலயோ தொங்கிகினு கீறா எம் பொண்ணு. அவனுக்கு அவ பேருகூடத் தெரியாது."

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு காலடிப்பேட்டைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள். அன்றைக்கு மீன் பேரம் பேசியவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தாள்.