அண்ணி ஊட்டிய இரண்டு கரண்டி

என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்கா, பிரசவ வார்டில் ஆயா. அங்கே ரத்தம் அதிகமாகப் போனவர்களுக்கு இரும்புச்சத்து டானிக் கொடுப்பார்களாம். அதனால், தம்பிக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று கேட்டதும், கைப்பையில் ஒரு டானிக் பாட்டிலை ஒளித்துக்கொண்டு, அவரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். நான் மருந்துக் கடைக்குப் போன நேரம் பார்த்து இரண்டு கரண்டி ஊட்டியும் விட்டார். மகராசி, எதையும் என்னைக் கேட்டுச் செய்ததாகச் சரித்திரமே இல்லை.

அதுவரை என் கணவர் தெளிவாகத்தான் இருந்தார். என் மூக்குக்கண்ணாடி கோணலாக இருக்கிறதென்று கிண்டல்கூடச் செய்தார். மறுநாள் காலையில் பேச்சு குழறியது. மதியத்துக்குள் வலது கையைத் தூக்க முடியவில்லை. கட்டிலடியில் அந்த பாட்டிலைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம்!

"என்னத்த அண்ணி குடுத்தீங்க? பேசிட்டு இருந்த மனுஷனை இப்படிப் படுக்க வச்சிட்டீங்களே!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அண்ணி வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். யாரோ வாங்கிக் கொடுத்த டீயைத் தொடக்கூட இல்லை.

பாட்டிலும் கையுமாக டாக்டரம்மாவிடம் போய் நின்றேன்.

"இரும்புதாம்மா பிரச்சனை. ஆனா இந்த பாட்டில்ல இருக்கிற இரும்பு இல்ல," என்றார் அவர். "கசிஞ்ச ரத்தம் மூளைக்குள்ளயே கட்டி நிக்குது. அதுல இருக்கிற சிவப்பணு உடைய உடைய, இரும்பு வெளிய வந்து அங்கயே சேருது. உடம்புக்கு வேணும்கிற சத்துதான். ஆனா அங்க சேர்ந்துட்டா பக்கத்துல இருக்கிற நல்ல செல்லையும் கெடுக்கும், சுத்தி வீங்கவும் வைக்கும். முதல்ல தெளிவா இருக்கிறவங்க சில பேரு அப்புறம் மோசமாகறது இதனாலயும்தான்."

"அப்போ டானிக்?"

"ரெண்டு கரண்டியால இது வரல. ஆனா விழுங்க முடியுதான்னு நாங்க பார்க்கிறதுக்கு முன்னாடி வாயில எதையும் ஊத்தாதீங்க. புரையேறியிருந்தா என்ன பண்ணுவீங்க?"

"அந்த இரும்பை எடுத்துட முடியாதா டாக்டர்?"

"அதுக்கு மருந்து தேடிட்டுத்தான் இருக்காங்க. இப்போதைக்கு வீக்கத்தைக் குறைக்கப் பார்க்கிறோம். கை திரும்புமான்னு இப்பவே சொல்ல முடியாது."

வெளியே வந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் தவிக்கட்டுமே என்றுதான் முதலில் தோன்றியது. என் சமையலில் ஒரு நாளாவது உப்பு சரியாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறாரா இவர்? ஆனால் அவர் வார்டு வாசலையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனசு கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

"அவரோட ரத்தம்தான் அண்ணி அவருக்கு எமனா நிக்குது. உங்க டானிக் இல்ல."

அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"வேற யாரு சொல்லியிருந்தாலும் என்னைத் தேத்தறதுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சிருப்பேன்," என்றார். "நீ சொன்னா நம்பலாம். எனக்காக நீ ஒரு நாளும் பொய் சொல்ல மாட்டே."

சொல்லிவிட்டு என் தோளிலேயே சாய்ந்து ஓவென்று அழுதார். எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது நிஜம்தானே. நானும் அழுதேன்.